பல்லூடக எறிகருவியை நிறுவுதலும் இணைத்தலும்

ஒரு கருவியைப் பெறுதல் வேறு. அதனை ஆளுதல் வேறு. கரும்பலகையும் வெண்கட்டியும் ஆசிரியரின் சாதனங்களாய் நின்ற காலத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. எழுதியது தெரியாவிடின் கடைசி வாங்கில் இருக்கும் மாணவன் "தெரியவில்லை, சேர்" என்பான். ஆசிரியர் அழித்துவிட்டுப் பெரிதாக எழுதுவார். பல்லூடக எறிகருவி வகுப்பறைக்குள் வந்தபின் இந்நிலை மாறிற்று. படம் மங்கலாய் இருந்தால் அது கருவியின் குறை என்று ஆசிரியரும் கொள்கின்றார், மாணவனும் கொள்கின்றான். கருவியைத் திருத்துதல் இருவர் கையிலும் இல்லை என்ற எண்ணத்தால் இருவரும் பேசாதிருக்கின்றனர். நாற்பது நிமிடப் பாடத்திற் பத்து நிமிடம் வடங்களைப் பொருத்துவதிற் கழிய, எஞ்சிய முப்பது நிமிடமும் முன்வரிசையினர்க்கு மட்டுமே பயன்படுகின்றது. நாளடைவிற் கருவி அலுமாரியைச் சேர்கின்றது.

இக்குறைகளுட் பெரும்பாலானவை கருவியினுடையன அல்ல. எத்துணைப் புதுமையான பெயரைத் தாங்கினும் எறிகருவி அடிப்படையில் ஒரு விளக்கும் ஒரு வில்லையுமே. ஆதலின் ஒளியியலின் எளிய விதிகள் அதனை முற்றாக ஆளுகின்றன. கருவியின் விலையினும், அதனை வைக்கும் இடமும் அறையின் இருளும் படத்தின் தெளிவுக்கு இன்றியமையாதன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கருவியின் அமைப்பை முதலிற் கண்டு, பின்னர் அதனை நிறுவுதல், இணைத்தல், பேணுதல் ஆகியவற்றை முறையே நோக்குவோம்.

கருவியின் பிறப்பும் அமைப்பும்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது 1658ஆம் ஆண்டில். அதற்கு அடுத்த ஆண்டில் அவர்தம் தாய்நாட்டிற் கிறித்தியான் ஐகன்சு என்னும் விஞ்ஞானி, கண்ணாடியில் வரைந்த சிறு படங்களை விளக்கொளியாலும் வில்லையாலும் சுவரிற் பெரிதாக்கிக் காட்டும் ஒரு பெட்டியை அமைத்தார். சனிக்கிரகத்தின் வளையத்தை இனங்கண்டவரும், ஒளி அலையாய்ப் பரவும் என்னும் கொள்கையை வகுத்தவரும் இவரே. 'மாய விளக்கு' எனப் பின்னர் பெயர்பெற்ற அப்பெட்டியே இன்றைய எறிகருவிகள் எல்லாவற்றிற்கும் மூதாதை. அதன் உறுப்புகள் நான்கு: ஒளிமுதல், ஒளியைத் திரட்டும் வில்லை, படம், படத்தைத் திரையில் எறியும் வில்லை. மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்நான்கும் மாறவில்லை. மாறியது மூன்றாவதாகிய படத்தின் இயல்பே. கண்ணாடித் தகட்டின் இடத்தைப் படச்சுருள் பெற்றது; இன்று மின்னாற் கணந்தோறும் மாறும் படம் பெற்றுள்ளது.

இன்று வழங்கும் கருவிகள் பெரும்பாலும் இரு வகையின. முதல்வகையில் வெண்ணொளியானது சிறப்பு ஆடிகளாற் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு நிறமும் ஒரு சிறு திரவப் பளிங்குப் பலகையினூடு செல்லும். அப்பலகையிலுள்ள புள்ளிகள் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளியை விடுக்கும் அல்லது தடுக்கும். பின்னர் மூன்று நிறங்களும் ஓர் அரியத்தில் ஒன்றுசேர்ந்து வில்லையின் வழியே வெளிப்படும்.

இரண்டாம் வகை ஆடிகளாலானது. அமெரிக்காவின் டெக்சாசு இன்சுட்ரூமென்ற்சு நிறுவனத்தைச் சேர்ந்த இலாரி ஓண்பெக் என்பார் 1987இல் இதன் உயிர்நாடியான சில்லை ஆக்கினார். 1996இல் அதனைக் கொண்ட எறிகருவிகள் விற்பனைக்கு வந்தன. நகத்தளவான அச்சில்லின் மேற் பல இலட்சம் நுண்ணாடிகள் வரிசையாக உள. 1024 நிரலும் 768 நிரையும் உடைய சில்லில் அவற்றின் தொகை 7,86,432. ஒவ்வோர் ஆடியும் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அளவினது. ஒவ்வொன்றும் ஒரு செக்கனிற் பல்லாயிரம் முறை இருபுறமும் சாய்ந்து, ஒளியை வில்லைக்கு அனுப்பும் அல்லது அப்பால் ஒதுக்கும். ஒளி மிகுதியும் அனுப்பப்படின் அப்புள்ளி வெளிர்க்கும். குறையின் சாம்பல் நிறமாகும். சுழலும் நிறத்தட்டொன்று சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை மாறிமாறி அளிக்க, கண்ணின் பார்வை நிலைப்பால் அவை ஒன்றாகத் தோன்றும்.

இவ்விரு வகையிலும் நாம் மனங்கொள்ளவேண்டிய உண்மை ஒன்றே: கருவி ஒளியைத் தடுக்கவல்லது, இருளை எறியவல்லதன்று. திரையிற் கரிய எழுத்தாகத் தெரிவது ஒளி படாத திரைப்பகுதியேயாகும். இவ்வுண்மையின் பெருமை பின்னர்ப் புலப்படும்.

இடமும் தூரமும்

கருவியை எங்கே வைப்பது என்பது முதல் வினா. ஒவ்வொரு கருவிக்கும் 'எறிவு விகிதம்' என்றோர் எண் உண்டு. கருவிக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுக்க வருவது அது. கருவியோடு வரும் கைந்நூலில் இதனைக் காணலாம். விகிதம் 1.5 ஆயின், 2 மீற்றர் அகலமான படத்திற்குக் கருவி திரையிலிருந்து 3 மீற்றர் தூரத்தில் இருத்தல் வேண்டும். குறுந்தூரக் கருவியொன்றின் விகிதம் 0.5 ஆயின் 1 மீற்றர் போதும். மேசையை முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பதற்குப் பதிலாக, அளவுநாடா கொண்டு ஒருமுறை அளந்து, நிலத்தில் ஓர் அடையாளமிட்டால், அடுத்து வரும் ஆசிரியர் அனைவர்க்கும் அவ்வேலை மிச்சமாகும்.

அடுத்தது உயரம். மேசைமேல் வைக்கும் கருவிகளுட் பெரும்பாலானவற்றில் ஒளிக்கற்றை சற்று மேனோக்கிச் செல்லுமாறு வில்லை அமைக்கப்பட்டுள்ளது. எனவே வில்லை ஏறத்தாழப் படத்தின் கீழ் விளிம்பின் மட்டத்தில் இருத்தல் நன்று. கூரையில் தொங்கவிடும்போது கருவி தலைகீழாய் நிற்பதால் வில்லை படத்தின் மேல் விளிம்பு மட்டத்திற்கு வரும். படத்தைத் தலைமாற்றும் கட்டளை கருவியின் பட்டியலிலேயே உண்டு.

கருவியின் முன்காலை நெடிது உயர்த்தினால் ஒளிக்கற்றை திரையிற் சாய்ந்து விழும். சாய்ந்து விழும் கற்றையின் மேற்பகுதி கீழ்ப்பகுதியினும் நெடுந்தூரம் செல்கின்றது. தூரம் கூடப் படம் விரியும். ஆகவே செவ்வகம் சரிவகமாகின்றது. இதனைத் திருத்தும் பொத்தான் ஒன்று கருவியில் உண்டு என்பது மெய்யே. ஆயினும் அத்திருத்தம் ஒளியிற் செய்யப்படுவதன்று, படத்திற் செய்யப்படுவது. அகன்ற பகுதியைக் குறுக்குவதற்காக அங்குள்ள படப்புள்ளிகள் சில கைவிடப்படுகின்றன. எஞ்சிய புள்ளிகளுள் எழுத்துகள் நெருக்குண்டு கூர்மை இழக்கின்றன. ஆதலின் முதலிற் கருவியைத் திரைக்கு நேராக வைத்து மட்டம் பார்த்தபின், எஞ்சிய சிறு கோணலுக்கு மட்டுமே பொத்தானை நாடுதல் வேண்டும். குவியத்தைத் திருத்துவது இதற்கும் பின்னரே. திருத்தும்போது படத்தைப் பார்த்தல் ஆகாது; சிறிய எழுத்தொன்றைப் பார்த்தே திருத்துதல் வேண்டும்.

ஒளியும் இருளும்

கருவியின் ஒளிவலு லூமன் என்னும் அலகால் அளக்கப்படும். அவ்வொளி ஒரு சதுரமீற்றரிற் பரவும் அளவு லக்ஸ் எனப்படும். 3000 லூமன் கருவியொன்றை எடுத்துக்கொள்வோம். படத்தின் அகலம் 2 மீற்றர், உயரம் 1.25 மீற்றர் ஆயின் பரப்பு 2.5 சதுரமீற்றர். 3000ஐ 2.5ஆல் வகுக்கத் திரையில் விழுவது 1200 லக்ஸ். படம் பெரிதாயிருத்தல் நன்று என்றெண்ணி அகலத்தை 4 மீற்றராக்கினால் உயரமும் இரட்டித்துப் பரப்பு 10 சதுரமீற்றராகும். ஒளியோ 300 லக்ஸாகக் குறையும். அகலம் இருமடங்காக ஒளி காற்பங்காகின்றது.

இனி அறையின் ஒளியைக் கருதுவோம். யன்னல்கள் திறந்த வகுப்பறையில், திரையின்மேல் 300 லக்ஸ் வெளியொளி விழுகின்றதெனக் கொள்வோம். கருவி எறியும் 1200 லக்ஸ் அதனோடு சேர வெண்பகுதியில் 1500 லக்ஸ். கரும்பகுதிக்குக் கருவி ஒளி எதனையும் அனுப்புவதில்லை. ஆயினும் அங்கும் அந்த 300 லக்ஸ் வெளியொளி உண்டு. ஆகவே வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் 5க்கு 1. கரிய எழுத்து உண்மையிற் சாம்பல் எழுத்தாகவே தெரியும். இப்பொழுது யன்னல்களுக்குத் தடித்த சீலையிட்டு, திரைக்கு அருகிலுள்ள விளக்குகளையும் அணைத்து, வெளியொளியை 50 லக்ஸாகக் குறைத்தோமாயின், வெண்பகுதியில் 1250, கரும்பகுதியில் 50. விகிதம் 25க்கு 1. கருவியில் ஒன்றும் மாறவில்லை; படமோ ஐந்து மடங்கு தெளிவடைந்தது.

யன்னல்களை மூடாமலே இத்தெளிவைப் பெற விரும்பின் யாது செய்யவேண்டும்? கருவி மட்டும் திரையில் 7200 லக்ஸ் எறிதல் வேண்டும். அதற்கு வேண்டிய ஒளிவலு 18,000 லூமன். அதாவது நம் கருவியைப் போல ஆறு கருவிகள். உண்மையில் எக்கருவியும் கரும்பகுதியிற் சிறிது ஒளியைக் கசியவிடும் என்பதால் இக்கணக்குச் சற்றே மாறலாம். அதன் முடிவு மாறாது. ஐந்து கருவிகளின் விலையைச் சில முழம் கறுப்புச் சீலை ஈடுசெய்கின்றது. அறை முழுவதையும் இருட்டாக்குதலும் வேண்டியதில்லை. திரைமேல் ஒளி விழாமற் காத்து, மாணவர் குறிப்பெழுதுதற்குப் பின்பகுதியில் ஒளி விடுதல் போதும். வெப்பம் மிகுந்த நம் நாட்டிற் காற்றோட்டத்தை முற்றாக அடைத்தலும் தகாது. திரைக்கு அண்மையிலுள்ள யன்னல்களையும் அதற்கு எதிரேயுள்ளவற்றையும் மறைத்தலே முதன்மையானது.

எழுத்தின் அளவு

படம் தெளிவாயினும் எழுத்துச் சிறிதாயின் பயனில்லை. படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்திற்கு அப்பால் எவரையும் இருத்தலாகாது என்பது வழக்கிலுள்ள ஒரு விதி. 1.25 மீற்றர் உயரமான படத்திற்கு இது 7.5 மீற்றர் ஆகும்.

எழுத்துக்கும் இவ்வாறே ஒரு கணக்குண்டு. கண் வைத்தியர் பார்வையைச் சோதிக்கும் அட்டையில், குறையற்ற கண் 6 மீற்றர் தூரத்தில் வாசிக்கவேண்டிய எழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். 7.5 மீற்றர் தூரத்திற்கு அது 11 மில்லிமீற்றர் ஆகும். ஆனால் அது கண்ணின் எல்லை. எல்லையில் நின்று நாற்பது நிமிடம் வாசிக்க எவராலும் இயலாது. அதன் மும்மடங்காக, ஏறத்தாழ மூன்றரைச் சென்ரிமீற்றர் கொள்வது தகும். வரிகளுக்கிடையே வேண்டிய வெளியையும் ஓரங்களையும் கணக்கிட்டால், நம் திரையிற் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மேல் எழுதலாகாது என்பது பெறப்படும்.

தமிழெழுத்துக்கு இவ்வெச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். அச்சோதனை அட்டையின் உரோம எழுத்துகள் நேர்கோடுகள் மிக்கவை. நம் எழுத்துகளோ சுழிகளால் வேறுபடுவன. 'ன'கரத்தையும் 'ண'கரத்தையும் பிரிப்பது ஒரு சுழியே. மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது ஒரு புள்ளியே. தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்க்கு அடையாளமாய் நின்ற அப்புள்ளி, மங்கலான திரையில் முதலில் மறைவதாகும். பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை முழுமையாகத் திரையிலிட்டு வாசிக்கச் சொல்லும் ஆசிரியர், பின்வரிசை மாணவனை ஊகித்து வாசிக்குமாறு பணிக்கின்றார் என்றே கொள்ளவேண்டும்.

இணைக்கும் முறை

கணினியையும் கருவியையும் இணைக்கும் வடங்கள் இருவகையின. வீ.ஜீ.ஏ. எனப்படும் பழைய வடம் 1987இல் வழக்குக்கு வந்தது. மூன்று வரிசையிற் பதினைந்து முனைகள் உடையது. அது படத்தை மட்டுமே கடத்தும். ஒலிக்கு வேறு வடம் வேண்டும். எச்.டி.எம்.ஐ. எனப்படும் புதிய வடத்தின் விதிமுறை 2002இல் வெளியாயிற்று. அதன் முனைகள் பத்தொன்பது. அது படத்தையும் ஒலியையும் ஒருங்கே எண்வடிவிற் கடத்தும். இவ்விரு துளைகளும் இல்லாத மெல்லிய மடிக்கணினிகளுக்கு இடையிணைப்பி ஒன்று வேண்டும். எனினும் யூ.எஸ்.பி. 'சீ' வகைத் துளைகள் யாவும் படத்தைக் கடத்துவன அல்ல. வாங்குமுன் சோதித்தல் அறிவுடைமை.

மின்வழங்கலில் ஒரு சொல். நம் பாடசாலைகளின் பழைய கட்டடங்களில் உருளைமுனைச் செருகிக்குரிய துளைகளும், புதியவற்றிற் சதுரமுனைச் செருகிக்குரிய துளைகளும் உள்ளன. பொருந்தாத செருகியைப் பேனாமுனையால் துளையைத் திறந்து நுழைத்தல் பேராபத்தானது. 230 வோல்ற்று மின்னோடு விளையாடுதல் அது. ஏற்ற இடையிணைப்பியைக் கருவியோடு சேர்த்தே வைத்தல் வேண்டும். கணினியையும் கருவியையும் புவித்தொடுப்புள்ள ஒரே நீட்டல் வடத்திற் பொருத்துக. வேறுவேறு இடங்களிற் பொருத்தினால், வீ.ஜீ.ஏ. வடத்தின் வழியே வரும் படத்தில் மெல்ல நகரும் பட்டைகள் சிலவேளை தோன்றும்.

பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடித்தால் இணைப்பு எளிதாகும். முதலாவது, மின்விசையை இடுமுன் கணினிக்கும் கருவிக்கும் இடையிலுள்ள வடத்தைப் பொருத்துக. இரண்டாவது, வில்லையின் மூடியை அகற்றிக் கருவியை இயக்குக. விளக்கு முழுவொளி பெறச் சிறிது நேரம் செல்லும். மூன்றாவது, எத்துளையில் வடம் பொருத்தப்பட்டதோ அத்துளையையே கருவியின் உள்ளீடாகத் தெரிக. 'சமிக்ஞை இல்லை' என்னும் அறிவிப்புத் தோன்றுவதன் பொதுவான காரணம் இத்தெரிவிலுள்ள தவறே. நான்காவது, கணினியில் வின்டோஸ் சாவியையும் 'பீ' சாவியையும் சேர்த்து அழுத்துக. 2009ஆம் ஆண்டின் வின்டோஸ் 7 முதலாக இவ்வசதி உண்டு. கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டையும் ஒரே பரப்பாக நீட்டல், எறிகருவி மட்டும் என நான்கு வழிகள் அங்கே தோன்றும். வகுப்பறைக்கு இரண்டாவதே பொருந்தும். ஐந்தாவது, படம் ஓரங்களில் வெட்டுண்டோ எழுத்துச் சிதைந்தோ தோன்றினால், கணினியின் பிரிதிறனைக் கருவியின் இயல்பான பிரிதிறனுக்குச் சமமாக்குக. ஆறாவது, படம் வந்தும் ஒலி வராவிடின், கணினியின் ஒலி வெளியீடு எங்கே செலுத்தப்படுகின்றது என்று பார்க்க. கருவியினுள் அமைந்த ஒலிபெருக்கி வகுப்பறைக்குப் பெரும்பாலும் போதாது.

இவ்வாறு படிகளும் ஒரு சிறு அட்டையில் எழுதப்பட்டுக் கருவியின் பெட்டிமேல் ஒட்டப்படுமாயின், ஒருவரே அறிந்த வித்தை என்னும் நிலை நீங்கும். அவ்வொருவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளிற் கருவி அலுமாரி சேர்வதும் நிகழாது.

நிறுத்துதலும் பேணுதலும்

விளக்குவகைக் கருவிகளிலுள்ளது உயர்வழுக்க இரசவிளக்கு. எரியும்போது அதன் உள்ளழுக்கம் வளிமண்டல அழுக்கத்தினும் ஏறத்தாழ இருநூறு மடங்காகும். வெப்பமும் மிகப் பெரிது. ஆதலின் பாடம் முடிந்ததும் செருகியைப் பிடுங்குதல் தவறு. பொத்தானை அழுத்தி விளக்கை அணைத்தபின், விசிறி தானே நிற்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். சூடான கருவியை அசைத்தலும் காவிச்செல்லுதலும் ஆகா. விளக்கு உடைந்துவிடின் யன்னல்களைத் திறந்து மாணவரை வெளியேற்றுதல் வேண்டும். அதனுள் இரசம் உண்டு.

இத்தகைய விளக்கின் ஆயுள் ஏறத்தாழ 3000 முதல் 5000 மணித்தியாலம். நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை, ஆண்டுக்கு 200 நாள் எனின், ஆண்டுக்கு 670 மணித்தியாலமளவு செல்லும். 4000 மணித்தியால விளக்கு ஆறாண்டு உழைக்கும். ஆனால் தூசி படிந்த வடிகட்டி காற்றைத் தடுக்க, கருவி சூடேறி விளக்கு விரைவில் மாளும். தவணைக்கு ஒருமுறையேனும் வடிகட்டியைத் துப்புரவாக்குதல் இவ்வாயுளைக் காக்கும். இன்று லேசர் ஒளிமுதல் கொண்ட கருவிகள் பரவிவருகின்றன. இவற்றின் ஒளிமுதல் 20,000 மணித்தியாலமளவு உழைப்பதாகக் கூறப்படும். எவ்வகையாயினும் எரியும் கருவியின் வில்லைக்குள் நோக்குதல் கண்ணுக்குக் கேடு. சிறு மாணவர்க்கு இதனை முதல் நாளிலேயே உணர்த்துதல் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல்தோறும் இடிமுழங்கும் நம் நாட்டிற் கருவியைப் பயன்படுத்தாத வேளையிற் செருகியைக் கழற்றி வைத்தலும் கடனாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றுள் அரிய வித்தை எதுவும் இல்லை. வகுத்தற் கணக்கும் சாதாரண தர ஒளியியலும் அறிந்த எவரும் இதனைச் செய்யலாம். உயர்தர மாணவர் சிலரை இப்பணிக்குப் பழக்கினால் அது அவர்க்குச் செய்முறைப் பாடமுமாகும். தாம் கற்ற கல்லூரிக்குக் கருவி அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவர், அதனோடு நல்ல திரையும் யன்னற் சீலையும் ஏற்ற வடங்களும் அளிப்பாராயின் அவர்தம் கொடை முழுமை பெறும். ஆசிரியர் பாடம் தொடங்குமுன் ஒருமுறை கடைசி வாங்கில் அமர்ந்து திரையை வாசித்துப் பார்ப்பாராக. கருவி சரியாக நிறுவப்பட்டதா என்பதற்கு அதனினும் சிறந்த சோதனை இல்லை. அங்கு இருக்கும் மாணவனும், கரும்பலகைக் காலத்து மாணவனைப் போலவே, தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லக் கடமைப்பட்டவன். அவன் சொல்வது கருவியின்மேற் குற்றமன்று. யன்னலை மூடுமாறும், எழுத்தைப் பெரிதாக்குமாறும் கேட்கும் நியாயமான வேண்டுகோளே.